சருகு கூடினால் மண்ணில் கரிமம் கூடுமா?

காட்டின் கரிமத்தை ஐந்து இருப்புகளாகப் பிரித்துக் கணக்கிடுவது இன்றைய வழக்கம்: நிலத்துக்கு மேலுள்ள தாவர உடல், வேர், பட்ட மரம், சருகு, மண். ஐ.நா. காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியில் உள்ள இப்பகுப்பையே இந்திய வன அளவைத் துறையும் கையாளுகிறது. அளப்பதற்கு வசதியான பகுப்புதான். ஆனால், சருகிருப்பில் செலவாவது மண்ணிருப்பில் வரவாகும், எனவே சருகு கூடினால் மண் கரிமமும் கூடும் என்ற எண்ணம் இதனூடே நுழைந்துவிடுகிறது. கரியமில வாயு மிகுந்து காடு செழித்தால் மண்ணும் கூடுதலாகச் சேமிக்கும் என்ற நம்பிக்கை இந்த எண்ணத்தின் மீதே நிற்கிறது. வெப்பமண்டலத் தாழ்நிலக் காட்டில் அது நிற்காது என்பதே என் வாதம்.

பனாமா கால்வாயை ஒட்டிய ஹிகாந்தே தீபகற்பத்தில் 2003இல் ஒரு சோதனை தொடங்கியது. 45 மீட்டர் பக்கமுள்ள சதுரத் திடல்கள் 15. ஐந்தில் மாதந்தோறும் சருகை வாரியெடுத்து வேறு ஐந்தில் பரப்பினார்கள். மற்ற ஐந்தைத் தொடவில்லை. எடுத்ததும் இட்டதும் ஒன்றே. ஆகவே மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு ஓரிடத்தில் குறையும் அளவுக்கே மற்றோரிடத்தில் கூட வேண்டும். எம்மா சேயர் குழு 2007இல் வெளியிட்ட அளவீடு அப்படிச் சொல்லவில்லை. வாரிய திடல்களில் 20 விழுக்காடு குறைந்தது. இட்ட திடல்களிலோ 43 விழுக்காடு கூடியது.

இந்த மிகையின் ஒரு பகுதி பழைய மட்கிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் விளக்கம். புதுச் சருகின் எளிய சேர்மங்களால் ஊக்கம் பெற்ற நுண்ணுயிர்கள், அதுவரை தொடாமல் கிடந்ததையும் சிதைக்கின்றன. மண்ணியலார் இதைத் தூண்டல் விளைவு என்பர். சருகு வீழ்ச்சி 30 விழுக்காடு உயர்ந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 0.6 டன் கரிமம் மண்ணைவிட்டு நீங்கக்கூடும் என்று அதே குழு 2011இல் மதிப்பிட்டது.

கோஸ்டாரிகாவின் மழைக்காட்டில், இரண்டே ஆண்டுகள் சருகை இரட்டித்ததில் மண் கரிமம் 31 விழுக்காடு உயர்ந்ததே என்று கேட்கலாம். எனக்கு அது மறுப்பாகப் படவில்லை. மொத்தக் கரிமம் என்ற ஒற்றை எண், துகளாகக் கிடக்கும் அரைகுறை மட்கையும், களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொண்ட கரிமத்தையும் பிரித்துக் காட்டாது. முன்னது விரைவில் காற்றோடு போகும்; பின்னது நெடுங்காலம் தங்கும். பனாமாவில் 13 ஆண்டுகள் கழித்துப் பகுத்துப் பார்த்தபோது, கூடியதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களுக்கு எளிதில் எட்டும் கரிமம். கனிமத்தோடு பிணைந்தது கூடவில்லை. தளர்வாகப் பிணைந்தது குறைந்தே போயிருந்தது.

உண்மையான இடர்ப்பாடு விஸ்கான்சினில் இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய காட்டுத் திடல்களில், 50 ஆண்டுகள் சருகை இரட்டித்த பின் மண் கரிமம் கூடியே இருந்தது. குளிர்நாடு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. மாசசூசெட்ஸின் ஹார்வர்டு காடும் குளிர்நிலம்தான். 20 ஆண்டுகள் இரட்டித்தும் அங்கே உயர்வில்லை. கால அளவும் அந்தந்த மண்ணின் கனிமமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எனவே என் வாதத்தைத் தாழ்நில வெப்பமண்டலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சருகு கூடினாலும் மண் கரிமம் கூடாது என்பதிலிருந்து, சருகை வாரினால் நட்டமில்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. ஆனால் கூட்டலும் கழித்தலும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரொளியல்ல. அதே கோஸ்டாரிகாக் காட்டில் சருகை நீக்கிய திடல்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் மண் கரிமத்தில் 26 விழுக்காட்டை இழந்தன.