செல்லாத தாளும் சென்றுபோன உழைப்பும்

'நாணயம்' என்னும் சொல் நம் மொழியில் இரண்டு பொருளில் வழங்குகிறது. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்குத் தவறாத குணமும் நாணயம். ஆங்கிலத்திலேயே கல்வி பயின்று, பின்னர் முயன்று தமிழ் கற்றவனாகிய எனக்கு இச்சொல் வியப்பளித்ததுண்டு. காசுக்கும் வாக்குக்கும் உள்ள உறவு அறுந்தால் யார் தலையில் இடி விழும் என்பதற்கு நம் மலாயா நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் நான் கிராணியாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதச் சம்பள நாளன்று, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். ஐயாயிரம் வெள்ளி கட்டினால் மாதந்தோறும் நூற்றுக்குப் பத்து வீதம் வரும் என்று அதில் கண்டிருந்தது. "கிராணி ஐயா, இதில் போடலாமா?" என்று வினவினார். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். என் பாட்டனாரின் தந்தையார் சேர்த்து வைத்த ஜப்பான் நோட்டுக் கட்டு அதில் இன்றும் இருக்கிறது.

அந்நோட்டின் கதையை அறிய, அதற்கு முன் இங்கு வழங்கிய பணத்தின் தன்மையை அறிதல் வேண்டும். 1906ஆம் ஆண்டு முதல் ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸுக்குச் சமம் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்தது. நாணய ஆணையர் வெளியிட்ட தாளுக்கு ஈடாக லண்டனில் ஸ்டர்லிங் சொத்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரச் சர்க்காரின் குற்றங்கள் பல. எனினும் அந்தத் தாளுக்குப் பின்னால் பொருள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பணம் நல்லதாயிருந்தும் ஏழைக்கு அது கிட்டாமற்போன காலமும் உண்டு. 1929இல் ராத்தல் சராசரி 34 காசு விற்ற ரப்பர், 1932இல் 7 காசு அளவுக்கு வீழ்ந்தது. கூலி குறைந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அது வேறொரு துயரம். தனியே எழுதத் தக்கது.

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவர்களுடன் அவர்களுடைய நோட்டும் வந்தது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் பொறிக்கப்பட்டிருந்ததால் மலாய்க்காரர் அதனைப் பீசாங் காசு என்றழைத்தனர். 'கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதியளிக்கிறது' என்று முதலில் வந்த தாள்களில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதனைக் கொடுக்கும்? பொன்னையா, வெள்ளியையா, அரிசியையா? அது எழுதப்படவில்லை. தொடக்கத்தில் தாளுக்குத் தொடரெண் இருந்தது. பிறகு எழுத்துக்கள் மட்டும் நின்றன. தன் தாளைத் தானே எண்ணிப் பாராதவன் எத்தனை அச்சடித்தான் என்று யார் சொல்ல முடியும்? எண்ணிக்கை பல நூறு கோடி வெள்ளிக்குப் போயிற்று. இறுதியில் ஆயிரம் வெள்ளித் தாளும் புறப்பட்டது.

அடித்த தாளின் மிகுதி மட்டுமே விலையேற்றத்துக்குக் காரணமன்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்து உண்ட நாடு. யுத்தத்தில் கப்பல் நின்றது, அரிசி அருகிற்று. ரப்பரை வாங்குவாரில்லை, தோட்டங்கள் காடாயின. பண்டம் தேயத் தேயத் தாள் பெருகிற்று. அரிசி விலை நூற்றுக்கணக்கான மடங்கு ஏறியது. லயத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கால் வயிற்றை நிரப்பினர். 1923ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் கொடுக்க நேர்ந்த ஜெர்மனியின் கதையைப் பள்ளியில் எனக்குக் கற்பித்தார்கள். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் கதையை ஒருவரும் கற்பிக்கவில்லை.

இனி, இந்தக் கூத்தில் யார் தப்பினர், யார் அகப்பட்டனர் என்பதைக் காண்போம். தீய காசு நல்ல காசைத் துரத்தும் என்பது கிரெஷாம் பெயரால் வழங்கும் விதி. இரு தாளும் ஒரே மதிப்புடையவை என்று ஜப்பானியர் விதித்த உடனே, விவரமறிந்தோர் பழைய பிரிட்டிஷ் தாளைப் பூமியில் புதைத்தனர். ஜப்பான் நோட்டைச் செலவிட்டனர். கையில் நோட்டுச் சேர்ந்த வியாபாரி அதனை ஓர் இரவும் வைத்திருக்க விரும்பவில்லை. வீடாகவும் நிலமாகவும் நகையாகவும் மாற்றினான். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எது கூடும்? புதைத்து வைக்கப் பழைய தாள் இல்லை. வாங்குவதற்கு நிலம் இல்லை. சம்பளம் வந்த நாளுக்கும் அரிசி வாங்கும் நாளுக்கும் நடுவிலேயே அவனுடைய கூலி கரைந்தது. ஆடவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட குடும்பங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களைப் பற்றியும் ஒரு சொல். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் அவர்களுடைய கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. ரப்பர் வீழ்ச்சிக் காலத்தில் கடனுக்காக நிலங்களைக் கைப்பற்றினர் என்று அவர்கள்மேல் பெரும் பழி உண்டு. 1933ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அத்தகைய ஈட்டுக் கடனுக்கு முட்டுக்கட்டை போட்டது. வட்டிக்கடையைக் கண்டிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். யுத்தத்துக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வாழைமரத் தாளை நீட்டிப் பலர் தீர்த்தனர். வாங்க மறுக்க யாருக்குத் துணிவு வரும்? மறுத்தால் ஜப்பானியர் பணத்தை அவமதித்த குற்றம். இந்தச் சிக்கலை அவிழ்க்க 1948இல் கடனாளி, கடன் கொடுத்தவர் சட்டம் ஒன்று வந்தது. ஜப்பானிய நோட்டின் மதிப்பு காலப்போக்கில் எவ்வாறு இறங்கியதென்று அட்டவணையே அதில் வகுக்கப்பட்டது. கடன் பத்திரம் வைத்திருந்தவருக்குச் சட்டம் அட்டவணை தந்தது. வியர்வையைக் கொடுத்துத் தாள் பெற்றவருக்கு எந்த அட்டவணையும் இல்லை.

1945 செப்டம்பர் 9ஆம் நாள் நம் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியது. 13ஆம் நாள் கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் ஜப்பானியர் சரணடைந்தனர். ஜப்பானிய நோட்டுச் செல்லாது என்று இராணுவ நிர்வாகம் அறிவித்தது. மாற்றாக ஒரு காசும் தரப்படவில்லை. புதைத்து வைத்த பழைய தாள்களோ மண் உதறி எழுந்து கடைத்தெருவில் நடமாடின. ஏனெனில் அவற்றின் ஈடு லண்டனில், ஜப்பானியர் கைக்கு எட்டாமல் இருந்தது. உடுத்திய துணியன்றி வேறறியாத உழைப்பாளி மூன்றரை ஆண்டுக் கூலியை அடுப்பிலிட்டான்.

நல்ல ஈடு உள்ள பணமும் ஒருநாள் சறுக்கியது. 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியாவின் புதிய வெள்ளி வெளிவந்தது. பழைய தாள் இன்னும் பலர் கையில் இருக்கையில், நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. பவுனோடு பிணைந்திருந்த பழைய வெள்ளி 85 காசாயிற்று. பினாங்கில் கடையடைப்பு கலகமாகி உயிர்கள் போயின. பழைய தாளை மாற்றிக்கொள்ளாமல் வைத்திருந்தோர் யாவர்? வங்கிக்கு நடந்து போக நேரமற்றவரும், தலையணைக்கடியில் காசு சேர்த்தவரும் அல்லரோ! நம் தோட்டத்தவர் தாளை மண்ணாக மாற்றிக்கொள்ள வழிகண்டதும் ஏறக்குறைய அக்காலமே: 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சந்தாவைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது.

மறுநாள் அந்தத் தொழிலாளர் வந்தார். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. கட்டிலிருந்து ஒரு நூறு வெள்ளி ஜப்பான் நோட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அதில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளரின் படம் அச்சாகியிருந்தது. "நம்ம ஆளுங்க படமாச்சே!" என்று மகிழ்ந்தார். பிறகு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையெழுத்து எங்கே ஐயா?" என்றார். கையெழுத்து இல்லை என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, சட்டைப்பையிலிருந்து தம் தாளை எடுத்து விரித்து, அதன் அடியில் விரலோட்டித் தேடத் தொடங்கினார்.