அவிந்தவை ஒளிரும் இடம்

முதுமையடைந்து அவிந்துவிட்டதென நாம் ஒதுக்கியவற்றில் ஒளி எழக்கூடுமோ? வானியல் வரலாற்றின் ஓர் ஏடு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

கோளவடிவ விண்மீன் கொத்துகள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு முதுமை உடையவை. அங்கிருந்த பெரும் விண்மீன்கள் என்றோ எரிந்து முடிந்தன. எனினும், 1970 டிசம்பர் 12-இல் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட 'உஹுரு' செயற்கைக்கோளின் காலத்தில், அக்கொத்துகள் சிலவற்றிலிருந்து வலிய எக்ஸ் கதிர்கள் வருவது தெரிந்தது. விண்மீன்களின் தொகையோடு ஒப்பிட்டால், பால்வெளியின் ஏனைய பகுதிகளைவிட அங்கே இத்தகைய கதிர்மூலங்கள் ஏறத்தாழ 100 மடங்கு மிகுதி!

1975-இல் அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். நெருக்கமிக்க அக்கூட்டத்தில், நியூட்ரான் விண்மீனாகிய பழைய எச்சமொன்று அருகே கடந்து செல்லும் விண்மீனைத் துணையாகப் பற்றிக்கொள்கின்றது. துணையின் வாயு அதன்மீது வீழ்ந்து, கடும் வெப்பமுற்று, எக்ஸ் கதிராய் ஒளிர்கின்றது.

1999-இல் 'சந்திரா' தொலைநோக்கி விண்ணேறியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. 1935-இல் இலண்டனில் எடிங்டன் எள்ளி நகையாடிய அவரது கணக்கே, விண்மீன்களின் இறுதி நிலையை விளங்கிக்கொள்ள வழி திறந்தது. ஃபோர்னாக்ஸ் மண்டலத் திரளின் நடுவே, 6 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள என்.ஜி.சி. 1399 மண்டலத்தை அத்தொலைநோக்கி ஆய்ந்தது. 2001-இல் வெளியான முடிவின்படி, ஒப்பிட்டு நோக்கிய பகுதியில் எக்ஸ் கதிர்மூலங்களுள் சுமார் 70 விழுக்காடு கோளக் கொத்துகளிலேயே இருந்தன.

துணையொன்று தன்னிலிருந்து ஈயாதிருப்பின் அவ்வெச்சம் இவ்வாறு ஒளிர்ந்திராது. நம் பங்குகளில் தனித்து அமர்ந்திருக்கும் முதியோரை அவிந்த விளக்குகள் என்று கருதும் நாம், ஒருமுறையேனும் அவர்களருகே சென்றதுண்டா?