எருக்குழியும் அடுப்பும்: எங்க ஊர் சேப்பங்கிழங்கு மண்ணின் கதை

வெந்த சேப்பங்கிழங்கைத் தோல் உரிக்கும்போதே அது எந்த மண்ணில் விளைஞ்சதுன்னு என் மாமியார் சொல்லிடுவாங்க. எருப் போட்ட மண்ணுக் கிழங்கு உருண்டு திரண்டு, வெண்ணெய் மாதிரி வெந்திருக்கும். இறுகின மண்ணில் வந்தது கோணல்மாணலா, ஒரு பக்கம் வேகாமல் கிடக்கும். மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தாங்கன்னு கூட்டமைப்பில் கேட்டப்போ, கோயிலையும் அணையையும் பத்தி எழுத ஆள் இருக்காங்க, நான் மண்ணைப் பத்தி எழுதுறேன்னு ஒத்துக்கிட்டேன்.

சேம்பு நமக்குப் புதுசு இல்லை. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே வழி நடந்து வரும் பாணருக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் சேம்பங்கிழங்கும் இருக்கு. கடல் தாண்டி பப்புவா நியூ கினி நாட்டில் கூக் என்ற சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 7,000 வருஷத்துக்கு முன்னாலேயே மண்ணை மேடு கூட்டிப் பயிர் வச்சிருக்காங்க. சேம்பும் வாழையும் அவங்க பயிர். 2008-ல் அந்த இடத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. தண்ணியிலேயே நிற்கும் சேம்பும் உண்டு. ஆனா நாம நடுற வகைக்கு ஈரம் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. இன்னைக்கும் நாம மேட்டுப்பாத்தி போடுறது அதுக்குத்தான்.

ஜெயமங்கலம் வராக நதிப் பாசனம். நெல்லு, வாழை, கரும்பு, வெத்தலைக் கொடிக்கால். கொடிக்கால் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் சேம்பு கிடந்த காலத்தை அத்தை சொல்வாங்க. அப்போ வீட்டுக்கு வீடு குப்பைக்குழி. சாணி, மாட்டுக்குக் கீழே மிதிபட்ட வைக்கோல், அடுப்புச் சாம்பல், கூட்டின கூளம் எல்லாம் அதில் போகும். கோடையில் கண்மாய் வண்டல் வண்டியில வரும். அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை போடுவாங்க. கொழுஞ்சி, எருக்கு, ஆவாரை, அகத்தித் தழையைச் சேத்துல மிதிப்பாங்க. குழியை வெட்டிக் கூடையில் அள்ளி, தலைச்சுமையா வயலுக்குக் கொண்டுபோனது பொம்பளைங்க. விளைஞ்ச மூட்டைக்குக் கணக்கு இருந்தது; சுமந்த கூடைக்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை.

அந்தச் சாணிக்கும் சண்டை இருந்தது. வயலுக்கா, அடுப்புக்கா? வோல்க்கர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி நாடு முழுக்கச் சுத்திப் பார்த்து 1893-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார். ஜனங்க சாணியின் அருமை தெரியாமல் எரிக்கலை, விறகு கிடைக்காததால் எரிக்கிறாங்கன்னு அதில் எழுதினார். வரட்டி தட்டின எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பா.

அதுக்குப் பிறகு வந்தவர் ஆல்பர்ட் ஹோவார்டு. அவர் மனைவி கேப்ரியலும் விஞ்ஞானிதான். ரெண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்த்தாங்க. 1924-ல் இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, தழை, சாணி, மாட்டு மூத்திரம் கலந்த மண்ணு, சாம்பல் இதையெல்லாம் அடுக்கி, மூணு தடவை புரட்டி, மூணு மாசத்தில் எருவாக்குற முறையை வகுத்தாங்க. இங்கத்து விவசாயிகளைத் தன் வாத்தியார்னு சொன்னவர் அவர். நம்ம குப்பைக்குழிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம், புரட்டுறதுதான்.

1966-ல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. பின்னாலேயே யூரியா மூட்டை வந்தது. விளைச்சல் கூடுச்சு, பசி குறைஞ்சது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா டிராக்டர் வந்ததும் உழவு மாடு போச்சு, மாடு போனதும் குழி தூர்ந்துபோச்சு. அப்புறம் 2007 வாக்கில் அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. நூறு வருஷமா அடுப்புக்குப் போன சாணி இனி வயலுக்குத்தான்னு நினைச்சா, வீட்ல மாடு இல்லை! சாம்பலும் இல்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால குழுவில் பத்தாயிரம் உள்கடன் வாங்கி, பத்து சென்ட்ல சேப்பங்கிழங்கு போட்டேன். அவசரத்தில் மக்காத சாணியை டிராக்டரில் இறக்கி அப்படியே கொட்டி உழுதுட்டேன். சூட்டில் பாதி விதைக்கிழங்கு அழுகிப்போச்சு, மிச்சத்தை வேர்ப்புழு குடைஞ்சிடுச்சு. நாலு மாசத் தவணையை என் கம்மலை வச்சுக் கட்டினேன். அத்தை திட்டலை. "குழி எங்கடி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அடுத்த வருஷம் குழிக்கு வாழைச்சருகு, அகத்தித்தழை, சாணிக்கரைசல், கொஞ்சம் பழைய மண்ணுன்னு மாத்தி மாத்தி அடுக்கினேன். மூணு தடவை புரட்டினேன். கையில் பிடிச்சா உதிரணும், சாணி நாத்தம் போய் மழை பெஞ்ச மண்ணு வாசம் வரணும், அதுவரைக்கும் தொடக் கூடாது. குழி மக்குற நேரத்தில் வயல்ல சணப்பு விதைச்சு, பூ எடுக்கும்போது மடக்கி உழுதேன். ரெண்டு மூணு வாரம் கழிச்சு மேட்டுப்பாத்தி, எரு, விதைக்கிழங்கு. வாழைச்சருகு மூடாக்கு. ரெண்டு தடவை மண் அணைச்சேன். சாம்பலுக்குக் கல்யாணச் சமையல்காரர்கிட்டச் சொல்லிவச்சேன்; கிழங்குக்குச் சாம்பல்சத்து ரொம்ப வேணும். ஆறாம் மாசம் தோண்டினப்போ மண்ணு கையோட பொலபொலன்னு வந்தது.

கம்மலை மீட்டாச்சு. இப்போ எங்க குழுவில் நாலு வீட்ல குழி இருக்கு. யார் எத்தனை கூடை போட்டாங்கன்னு ஒரு நோட்டும் போட்டிருக்கோம். கண்மாய் வண்டலுக்கு மனு கொடுக்கணும். சணப்பு விதை என்கிட்ட ரெண்டு கிலோ மிச்சம் இருக்கு, வேணுங்கிறவங்க மாசக் கூட்டத்துக்கு வரும்போது பை கொண்டுவாங்க.