வினைமுதல் எங்கே?



ஆர்வெல்லின் '1984' நாவலைப் படித்தவர்கள் அதில் வரும் 'நியூஸ்பீக்' மொழியை மறந்திருக்க மாட்டீர்கள். சொற்களைக் குறைத்தால் எதிர்ப்பைச் சிந்திக்கவே முடியாது என்று நம்பும் அரசின் மொழி அது. ஆர்வெல் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அதிகாரத்தின் அலுவலக மொழியை உள்ளிருந்தே அறிந்தவர்.

அவருக்கு முன்பே ரஷ்யரான சாம்யாதின் 1920-21இல் ஒரு நாவல் எழுதினார். அதில் மனிதர்களுக்குப் பெயரில்லை, எண் மட்டுமே. கதைசொல்லி டி-503. நாவலின் ஆங்கிலத் தலைப்பு 'வீ'. தமிழில் அதை 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? ஆங்கிலத்துக்கு இல்லாத இந்தச் சிக்கல் நமக்கு உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. எல்லோரும் உள்ளே என்று சொல்லும் அரசு 'நாம்' என்றுதான் பேசும். நடப்பதோ 'நாங்கள்'.

இந்த இலக்கணத்தைப் படிக்க நாவல் வரை போக வேண்டியதில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் தொடக்கத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டியது. 2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று மக்கள் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். பெரும்பகுதியினர் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை ஆபத்து என்று கூறி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கே அனுப்பினார்கள். அங்கும் வெள்ளம் வரும்!

பலகாலம் வாழ்ந்தவர் 'ஆக்கிரமிப்பாளர்'. வீட்டை இழந்தவர் 'பயனாளி'. முகவரி, பிளாக் எண்ணும் கதவு எண்ணும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் செயப்பாட்டு வினை: 'குடிசைகள் அகற்றப்பட்டன.' அகற்றியவர் யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை' போய் 'வாழ்விடம்' வந்தது. பெயர் மாறியதால் வேலைக்குப் போகும் தூரம் குறையவில்லை.

அரசின் சொல்லை மாற்றவைத்த வரலாறும் இந்தப் பக்கத்துக்கு உண்டு. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். சாம்யாதின் நாவலை முடித்த மறு ஆண்டே, 1922இல், 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுதவேண்டும் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஒரு சொல்லுக்காகச் சட்டமன்றத்தில் நின்றதை அடையாள அரசியல் என்று ஒதுக்குபவர்கள், ஆர்வெல்லையும் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெளியேற்ற நோட்டீஸை எடுத்து, ஒவ்வொரு செயப்பாட்டு வினையையும் செய்வினையாக மாற்றி எழுதுங்கள். எந்தத் துறை, எந்த ஆணைப்படி, எந்த அதிகாரியின் கையெழுத்தில் இடித்தது? நிரப்ப முடியாமல் நிற்கும் இடங்களை அப்படியே தகவல் உரிமைச் சட்ட மனுவில் கேள்விகளாக எழுதி அனுப்புங்கள்.