துரையின் பதிவேடும் பிள்ளைகளின் விக்கியும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய காலத்தைத் தேடுகிறவர் முதலில் புரட்டுவது பெர்குசன் டைரக்டரியைத்தான். எத்தனை ஏக்கர், யாருக்குச் சொந்தம், நிர்வகித்தது எந்தத் துரை என்று வரிசையாகக் கிடக்கும். கொழுந்து பறித்தவர்கள் அதில் இல்லை. அவர்களுடைய பெயர் ஏறியது செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில். அதுவும் சம்பளக் கணக்குக்காக.

தங்களைப் பற்றித் தாங்களே எழுத அந்த மலையகத் தமிழருக்கு நெடுங்காலம் வழி இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் துரைமாரின் தலையிலேயே கட்டின. பெரும்பாலும் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. படித்த பிள்ளை மலைக்கு வேலைக்கு வருமா என்று யோசிக்கிற நிர்வாகத்திடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும்? 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. அரசு அவற்றைக் கையேற்றது எழுபதுகளில். சுவீடனின் சீடா என்ற உதவி நிறுவனத்தின் துணையோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தது எண்பதுகளில்.

ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ நூலுக்காகப் பழைய இதழ்களைத் தேடி அலைந்தது அந்த வறட்சியின் விளைவு. நூல் வெளிவந்தது 2000இல். ஐந்து ஆண்டு கழித்து, 2005இல், நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கியது. இன்று ‘குன்றின் குரல்’ போன்ற மலையக இதழ்கள் அங்கே எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அந்த எண்ணிம நூலகம் இயங்குவது விக்கிப்பீடியாவுக்கென எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளில்.

பலர் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய விக்கியை 1995இல் வார்ட் கன்னிங்காம் உருவாக்கியது நிரலாளர்கள் தமக்குள் குறிப்புகளைப் பகிரத்தான். விக்கிப்பீடியா 2001இல் வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கிய மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலால் கட்டடக் கலைஞர்.

வகுப்பறைக்கு விக்கி ஏன் பொருந்துகிறது என்பது குழுச் செயற்றிட்டத்தைத் திருத்திய எந்த ஆசிரியருக்கும் புரியும். ஒருத்தி இரவெல்லாம் விழித்திருந்து பிரிஸ்டல் போர்டில் எழுதுவாள். பெயர் போடுவதற்கு மட்டும் ஐந்து பேர் வருவார்கள். விக்கியில் ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் ‘வரலாறு’ உண்டு. யார், எந்த நாளில், எந்த வரியைச் சேர்த்தார், எதை வெட்டினார் என்பதெல்லாம் அதில் நிற்கும். வாக்குவாதத்துக்குத் தனியாக உரையாடல் பக்கம். ஆசிரியர் முடிவை மட்டுமல்ல, வந்த வழியையும் பார்த்துப் புள்ளி போடலாம்.

தமிழ்நாட்டு அரசு 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி தரப்பட்டது. நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. 2011இல் புனே கல்லூரிகளில் விக்கிப்பீடியாவுக்கு எழுதுவதைப் பாடத்தோடு இணைத்தபோது, மாணவர்கள் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே பெயர்த்துப் போட்டார்கள். அவற்றை அகற்றவே தன்னார்வலர்கள் பெரும்பாடு பட்டார்கள். புள்ளிக்காக எழுதுகிற பிள்ளை குறுக்குவழி தேடும்; அதைப் பிள்ளையின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

ஊவாவின் சிக்கல் வேறு. நகலெடுக்கவே அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்துக் கோயிலை எந்தக் கங்காணி கட்டினார், பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்தில் தொட்டில் ஆட்டியது யார் என்பதெல்லாம் அப்பாயிமார் வாயில்தான் இருக்கின்றன. அச்சான சான்று கேட்கும் விக்கிப்பீடியா அதை ஏற்காது. இந்த விதியை உரசிப் பார்க்கத்தான் 2011இல் அச்சல் பிரபாலா என்ற ஆய்வாளர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவு செய்தார். மலையாளம் அதில் இருந்தது, தமிழ் இல்லை.

ஆனால் மீடியாவிக்கி இலவச மென்பொருள். இணையமே எட்டாத தோட்டத்துப் பாடசாலையில்கூட, கணினி அறையின் ஒரே ஒரு கணினியில் அதை நிறுவி, மற்றவற்றைக் கம்பியால் இணைத்துவிடலாம். அங்கே சான்று விதியை வகுப்பே வகுத்துக்கொள்ளலாம்: சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கேட்டு எழுதிய மாணவி யார். இரண்டு பாட்டிமார் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, சண்டையை உரையாடல் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு வகுப்பு அதே பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.