‘இன்னும் இல்லை’ என்பதும் ஒரு டேட்டாதான்

இன்னைக்கு எபிசோட் 42 நோயாளிகளைப் பத்தினது.

1963-ல் அமெரிக்க டாக்டர் எமில் ஃப்ரைரைக்கும் அவருடைய குழுவும் ‘பிளட்’ என்ற மருத்துவ இதழில் ஒரு ட்ரயலின் முடிவை வெளியிட்டாங்க. அதில் இருந்தவங்க ரத்தப் புற்றுநோய் வந்த சின்ன வயசுக்காரங்க. ஸ்டீராய்டு கொடுத்ததில் நோய் தற்காலிகமாக அடங்கியிருந்தது. திரும்பி வராமல் எத்தனை வாரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. 21 ஜோடிகளாகப் பிரிச்சு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தருக்கு 6-எம்பி என்ற மாத்திரை, இன்னொருத்தருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை.

வெத்து மாத்திரை சாப்பிட்ட 21 பேருக்கும் நோய் திரும்பிடுச்சு. சராசரியாக 8.7 வாரம். 6-எம்பி சாப்பிட்டவங்கள்ல 9 பேருக்குத்தான் திரும்புச்சு. மீதி 12 பேர்? கணக்கை மூடும்போது அவங்களுக்கு நோய் இன்னும் திரும்பலை. அதில் ஒருத்தர் வந்து 6 வாரம்தான் ஆகியிருந்தது. இன்னொருத்தர் 35 வாரம் கடந்திருந்தார். இவங்களுக்கு நேரா என்ன நம்பர் எழுதுறது?

இதுக்குப் பேர் சென்சாரிங். நம்ம சினிமா சென்சார் இல்லைங்க. கதை முடியுறதுக்குள்ள நாம பார்க்குறது நின்னுடுது, அவ்வளவுதான்.

என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு முதல்ல தோணுறது, அந்த 12 வரிசையையும் டெலீட் பண்ணிடலாம் என்பதுதான். பண்ணினா 6-எம்பி சராசரி 12.1 வாரம். ஆனா டெலீட் ஆனது யாரு? மருந்து நல்லா வேலை செஞ்சவங்கதான்! சரி, கடைசியாகப் பார்த்த அன்னைக்கே நோய் திரும்பிடுச்சுன்னு வெச்சுக்கலாமா? அப்போ 17.1. அதுவும் தப்பு. நடக்காத ஒண்ணை நடந்ததாக எழுதுறோம்.

சரியான வழி 1958-லேயே வந்திருந்தது. எட்வர்ட் கேப்லன் பெல் லேப்ஸில் இருந்தவர். கடலுக்கடியில் போகும் டெலிபோன் கேபிளின் வேக்குவம் டியூப் எத்தனை நாள் உழைக்கும்னு பார்த்தவர். பால் மையர் மருத்துவப் புள்ளிவிவரக்காரர். ரெண்டு பேரும் தனித்தனியாக ஒரே இதழுக்குக் கட்டுரை அனுப்ப, சேர்ந்து எழுதச் சொன்னாங்க. ஒத்துவர நாலு வருஷம் ஆச்சு.

அவங்க யோசனை ரொம்ப எளிமை. ஒவ்வொரு வாரமும், அந்த நேரத்தில் பார்வையில் இருக்கிறவங்களை மட்டும் எண்ணு. 6-எம்பி குழுவில் 6-வது வாரம் 21 பேர். 3 பேருக்கு நோய் திரும்புது. தாங்கியது 18/21. அதே வாரத்தோட ஒருத்தர் பார்வையிலிருந்து விலகுறார். 7-வது வாரம் மிச்சம் 17 பேர், ஒருத்தருக்குத் திரும்புது: 16/17. ரெண்டையும் பெருக்கினா சுமார் 81 சதவீதம். இப்படியே போங்க. விலகினவர் இருந்த வாரம் வரைக்கும் கணக்கில் இருக்கார், அதுக்கு மேல இல்லை. முடிவில் பாதிப் பேருக்கு நோய் திரும்ப எடுத்த காலம் 23 வாரம். வெத்து மாத்திரைக்கு 8.

ஆனா இந்த வித்தியாசம் தற்செயலா? அந்த ட்ரயல் குழுவிலேயே இருந்த எட்மண்ட் கெஹன், பழைய வில்காக்ஸன் சோதனையை சென்சார் ஆன டேட்டாவுக்கு ஏத்த மாதிரி 1965-ல் மாற்றினார். 1966-ல் நேதன் மேன்டல் இன்னொரு வழி சொன்னார். மருந்துக்குப் பலனே இல்லைன்னு வெச்சுக்கோங்க. அப்போ ஒவ்வொரு வாரமும் நோய் திரும்பினவங்க, ரெண்டு குழுவிலும் மிச்சமிருக்கும் ஆள் எண்ணிக்கைக்கு ஏத்தபடி பிரிஞ்சிருக்கணும். அந்தக் கணக்குப்படி 6-எம்பி குழுவில் சுமார் 19 பேருக்குத் திரும்பியிருக்கணும். நிஜத்தில் 9. தற்செயல்னு சொல்ல முடியாத இடைவெளி. 1972-ல் பீட்டோ சகோதரர்கள் இந்தச் சோதனைக்கு ‘லாக்-ரேங்க்’னு பேர் வெச்சாங்க. இன்னைக்கும் புற்றுநோய் ட்ரயல்களில் இதுதான் வழக்கமான சோதனை.

ஒரு நிபந்தனை இருக்கு. விலகினவங்க, மிச்சமிருக்கிறவங்க மாதிரியே இருக்கணும். உடம்பு மோசமானதால ஒருத்தர் வராம நின்னுட்டா, இந்தக் கணக்கு அவரை நல்லா இருக்கிறவங்களோட சேர்த்துடும். மருந்து இருக்கிறதைவிட நல்லதாகத் தெரியும். அதனால அடுத்த தடவை ஒரு மருந்து ட்ரயல் செய்தி படிச்சா, எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை பேர் பாதியில் போனாங்க, ஏன் போனாங்கன்னும் தேடிப் பாருங்க.