பொடிக்கடையில் அம்பாளும் ஆண்டாளும்

அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் எங்கள் ஆபீஸில் ஜூனியராக யார் சேர்ந்தாலும், சட்டப் புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஒரு மூக்குப்பொடி வழக்கைத்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன். டிரேட்மார்க் தொழிலின் பாதி அதிலேயே இருக்கிறது.

சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ கம்பெனியின் பொடிக்கு நல்ல பெயர். தண்ணீரில் மிதக்கும் பூகோள உருண்டை, அதன்மேல் அமர்ந்த அம்பாள், சுற்றி ஒரு வட்டம், தலைப்பில் ‘ஸ்ரீ அம்பாள் பரிமள ஸ்னஃப்’. இதுதான் அவர்கள் பதிந்து வைத்திருந்த லேபிள். 1958 மார்ச்சில் அதே ஊர்ப் பொடி வியாபாரி ஒருவர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ லேபிளைப் பதிய மனுப் போட்டார். மூன்று கட்டம். நடுவில் ஆண்டாள் படம், இரண்டு பக்கமும் தமிழ், தேவநாகரி, தெலுங்கு, கன்னட எழுத்துகளில் ‘ஸ்ரீ ஆண்டாள் மதராஸ் ஸ்னஃப்’. அம்பாள்காரர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

முந்தைய தலைமுறைக்கு ஆட்சேபிக்கவும் இடமில்லை. டிரேட்மார்க்கைப் பதிய 1940இல்தான் சட்டமே வந்தது. அதுவரை, லேபிள் என்னுடையது என்று ஒரு பிரகடனம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்வார்கள். போலிகளைக் கண்டு ஏமாறவேண்டாம் என்று பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காதவன்மேல், தன் சரக்கை நம்முடையதுபோல் விற்கிறான் என்று ‘பாசிங் ஆஃப்’ வழக்கு. நம் சரக்குக்குப் பெயர் உண்டு என்பதை ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

ஆண்டாள் தரப்பு வாதம் லேசானதல்ல. ஆண்டாள் பெரியாழ்வாரின் மகள், பன்னிரு ஆழ்வார்களில் ஒருத்தி, அரங்கனை மணந்தவள். அம்பாளோ சிவனின் துணைவி. நெற்றியைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்லும் நாட்டில் இருவரையும் குழப்பிக்கொள்ள ஆள் உண்டா? உயர்நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

1969இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி பச்சாவத், கண்ணுக்கு இரண்டும் வேறு வேறுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் காதையும் கேட்க வேண்டும் என்றார். பொடி வாங்குகிறவர்களில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் உண்டு. சரக்கு தென்னாட்டைத் தாண்டியும் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத வெளிமாநில இந்து ஒருவர் அம்பாள் பொடி கேட்க, கடைக்காரர் ஆண்டாளை எடுத்துக் கொடுத்தால், சைவ வைணவ பேதமா அவர் நினைவுக்கு வரப்போகிறது? ஆண்டாளுக்குப் பதிவு கிடைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. பொடிக்கடையில் லேபிளைப் படித்துப் பார்த்து யார் வாங்கினார்கள்? சில்லறையை நீட்டி, வாயால் பெயரைச் சொல்லி, பொடிமட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். சரக்கு மாறியது மூக்கில் ஏறிய பிறகுதான் தெரியும்.

இதற்கு முன்பே, 1962இல், ‘அம்ருத்தாரா’ மருந்துக்காரர்கள் ‘லட்சுமண்தாரா’வை எதிர்த்த வழக்கிலும் இதே காதுக் கணக்குதான். இரண்டும் குழப்பும் பெயர்களே என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் லட்சுமண்தாராவுக்கு உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு கிடைத்தது. காரணம், அது வருஷக்கணக்காக விற்பதைப் பார்த்துக்கொண்டு அம்ருத்தாராக்காரர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். போலி லேபிளைக் கையில் வைத்துக்கொண்டே “தீபாவளி போகட்டும் சார், பார்த்துக்கலாம்” என்று சொல்லும் கட்சிக்காரர்களிடம் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவேன். பாதிப்பேர் அப்போதும் தீபாவளிக்கு அப்புறம்தான் வருகிறார்கள்.

இப்போது டிரேட்மார்க் பதிவேட்டை இணையத்திலேயே தேடலாம். எழுத்தை வைத்துத் தேட ஒரு வழி, படத்துக்கு ஒரு வழி, ஒலிக்கு ஒரு வழி. காசு கிடையாது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்த ஒலித் தேடலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.